சட்டை எரித்த செயலாளர்

— மெதுவா இழுடா. சூடு இருக்கும்போதே உரிச்சாதான் எழுத்து வரும். ஆறவிட்டா துணியையும் சேர்த்துப் பிய்ச்சுடும்.

— இன்னும் எத்தனை சட்டைக்கா?

— அந்த மூட்டை முழுக்க. உங்க நண்டு சீசன் நடுவுல ஆத்தைத் தாண்டி மஞ்சள் டீமுக்குப் போவார்னு எனக்கு யாரு சொன்னா? அவர் பேரை அடிச்சு அடிச்சு அடுக்கி வெச்சுட்டேன். இனிமே நீலச் சட்டையில அந்தப் பேரை எவன் போட்டுட்டுத் திரிவான்?

— "உங்க நண்டு"ன்னு சொல்லாதக்கா. அந்த ஆளுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ரசிகர் மன்றத்துல தீர்மானமே போட்டாச்சு.

— யாரு கொண்டு வந்தது அந்தத் தீர்மானத்தை?

— நான்தான். செயலாளர்ங்கிற முறையில.

— வழிமொழிஞ்சது?

— தலைவருக்குக் காய்ச்சல். பொருளாளர் வெளியூர் போயிட்டார். நானே வழிமொழிஞ்சுட்டேன்.

— அது சரி. ஒருமனதா நிறைவேறியிருக்கும்.

— சிரிக்காதே. பன்னிரண்டு வருஷம் அந்த ஆளுக்காகத் தொண்டை கிழியக் கத்தினவன் நான். பந்தோட பக்கவாட்டுல ஓடுறதைப் பார்த்து நண்டுன்னு பேரு வெச்சதே நம்ம கேலரிதான். நானும் அப்போ அங்கே இருந்தேன். எனக்குப் பின்னாடி வரிசையில எவனோ சொன்னான், நான்தான் முதல்ல சிரிச்சேன்.

— பெரிய பங்குதான். சட்டையை எரிச்சதும் அந்தத் தீர்மானத்துல இருந்துச்சா?

— அதை விடேன்க்கா.

— எப்படிடா விடறது? டி.வி.க்காரன் மைக்கை நீட்டிட்டு நிக்கிறான். நீ தீக்குச்சியைக் கிழிக்கிறே, காத்துல அணையுது. மறுபடியும் கிழிக்கிறே, மறுபடியும் அணையுது. கடைசியில எப்படியோ பத்திக்கிச்சு, பாலியெஸ்டர் உருகி உன் கையில ஒட்டிக்கிச்சு. நான் கடைக்குள்ளேர்ந்து வாளியைத் தூக்கிட்டு ஓடி வந்தேன். உன் மேல பாதி, கேமரா மேல பாதி.

— அதுக்கு முன்னாடி "துரோகி"ன்னு ரெண்டு தடவை கத்தினேன். ஒருத்தன் காதுலயும் விழலை. "அய்யோ அக்கா"ன்னு அலறினது மட்டும் எல்லார் போன்லயும் ஓடுது. ஆபீஸ்ல என் கூட வேலை பார்க்கிறவங்க அதை ரிங் டோனா வெச்சிருக்காங்க. போன் அடிச்சா நானே அலறுறேன்.

— ஒரு சந்தேகம் ரொம்ப நாளா இருக்கு. நீ எரிச்சது எந்தச் சட்டை? போன வருஷம் நான் புதுசா அடிச்சுக் கொடுத்தேனே, அதுவா?

— அது பீரோவுல இருக்கு. எரிச்சது பழசு. காலர் கிழிஞ்சு கரித்துணிக்குப் போட்டு வெச்சிருந்தது.

— அட.

— கோபம் கோபம்தான்க்கா. அதுக்காக நல்ல சட்டையை எவனாவது எரிப்பானா?

— இந்தா, இதைப் பிடி. இந்த வரிசை முடிஞ்சது. யாரோ வர்ற மாதிரி இருக்கு. வாங்க கண்டக்டர். உங்க மஞ்சள் சட்டை ரெடியா இருக்கு.

— வணக்கம்மா. நம்பர் சரியா விழுந்திருக்கா? நண்டு நம்பர்தானே போட்டீங்க?

— அதேதான். பிரிச்சுப் பாருங்க.

— ஆகா. அதுல பாருங்க, பஸ்ல நான் டிக்கெட் கிழிக்கிறவன், யூனிஃபார்முக்குள்ள இதைப் போட்டுக்கப் போறேன். ஞாயித்துக்கிழமை மேட்ச். ரெண்டு டீமும் மோதறாங்க. அட, இந்தத் தம்பி... நீங்க அந்த வீடியோ தம்பிதானே? சட்டையை எரிச்சுட்டு, வாளித் தண்ணி...

— இல்லைங்க. ஆள் மாத்திச் சொல்றீங்க.

— அவன்தாங்க. என் தம்பிதான். லிஃப்ட் மெக்கானிக்.

— அதானே பார்த்தேன். தப்பா நினைக்காதீங்க தம்பி, எங்க பஸ் டிப்போவுல உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்லை. ஆனா அதுல பாருங்க, அவ்வளவு நல்ல மனுஷனைத் துரோகின்னுட்டீங்களே. பெரிய ஆஸ்பத்திரியில குழந்தைங்களுக்குன்னு ஒரு கட்டடமே கட்டிக் கொடுத்திருக்கார் எங்க ஆளு. போன வாரம் திறந்தாங்களே, படம் பார்க்கலை நீங்க?

— பார்த்தேன், பார்த்தேன். படம் எடுக்கத்தானே கொடுக்கிறது. ஒரு கையில ரிப்பன், ஒரு கையில கத்தரிக்கோல், சுத்தி இருபது கேமரா. கேமரா இல்லைன்னா ஒரு தலையணை உறை கொடுத்திருப்பாரா?

— தம்பி, தங்கமான மனசு தம்பி அவருக்கு. எங்க டீமுக்கு வந்த பிறகு ஒரு சண்டை உண்டா, ஒரு சிவப்பு அட்டை உண்டா?

— கண்டக்டர், போன வருஷம் அவர் நீலத்துல இருந்தப்போ, கையில பந்து பட்டுச்சே, அன்னைக்கு இதே இடத்துல நின்னு நீங்க அவரைத் திருடன்னு சொன்னீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

— அது அப்போம்மா. அப்போ அவர் திருடன்தான். இந்தப் பக்கம் வந்ததும் திருந்திட்டார்.

— பாலத்தைத் தாண்டினதும் திருந்திட்டாராக்கும்.

— ஆத்துக் காத்து அப்படிம்மா. சரி, வரேன். தம்பி, ஞாயித்துக்கிழமை தீப்பெட்டி எடுத்துட்டு வந்துடாதீங்க, கேட்ல பிடுங்கிடுவாங்க.

— போயிட்டாராக்கா?

— போயிட்டார். ஏன் முகம் அப்படிப் போகுது? அவர் சொன்னதுல என்ன தப்பு? நீயும் அதையேதானே பண்ணினே. பன்னிரண்டு வருஷம் தங்கம்னே, ஒரே நாள்ல தகரம்னே.

— அது இல்லைக்கா. அந்தத் திறப்பு விழா அன்னைக்கு நான் அங்கேதான் இருந்தேன். அந்தக் கட்டடத்து லிஃப்ட் எங்க கம்பெனி போட்டது. விழா முடியற வரைக்கும் மெக்கானிக் ஒருத்தன் கூடவே இருக்கணும்னு சொல்லி என்னை அனுப்பினாங்க.

— ஒரு வாரமாச்சு. என்கிட்ட மூச்சு விடலையே.

— சொல்ற மாதிரி நடந்துக்கலை நான். அதனாலதான்.

— மறுபடியும் தீ வெச்சியா?

— கேளு முதல்ல. முன்வாசல்ல கூட்டம் நெருக்குது. போலீஸ்காரர் வந்து, "பின்னாடி சாமான் ஏத்துற லிஃப்ட் இருக்கே, அதுல இவரை மூணாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போயிடு"ன்னார். யாரைன்னு திரும்பிப் பார்க்கிறேன், நண்டு நிக்கிறார். டி.வி.யில பார்க்கிறதை விடக் குள்ளம். காதோரம் நரைச்சிருக்கு. நான் ஆஸ்பத்திரி மாஸ்க் போட்டிருந்தேன். என்னை அடையாளம் தெரியலை. உள்ளே நாங்க ரெண்டு பேர்தான். ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல கரண்ட் ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுச்சு, லிஃப்ட் நின்னுடுச்சு.

— நீ இருக்கிற லிஃப்ட்டா?

— நான் போட்ட லிஃப்ட். அதைச் சொல்லு.

— உடனே சரி பண்ண வேண்டியதுதானே?

— மோட்டார் ரூம் மொட்டை மாடியில இருக்கு. சரி பண்றவன் உள்ளே இருக்கான். வெளியே தகவல் சொல்ல ஒரு போன் இருக்கு லிஃப்ட்டுக்குள்ள. அது வேலை செய்யாதுன்னு உலகத்துலேயே ஒருத்தனுக்குத்தான் தெரியும். அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு தள்ளிப் போட்டவனுக்கு.

— உனக்கு.

— எனக்கு. அவர் அதை எடுத்து ஹலோ ஹலோன்னு சொல்றார். நான் பக்கத்துல நின்னு, "அப்படியா, வேலை செய்யலையா, ஆச்சரியமா இருக்கே"ங்கிறேன்.

— சரி. நாலு மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு வசனம் பேசிப் பார்த்துட்டு இருந்தியே. "அந்த ஆள் மட்டும் நேர்ல கிடைக்கட்டும்"னு. கிடைச்சுட்டார். கதவும் சாத்தியிருக்கு. சொன்னியா?

— வாயைத் திறந்தேன்க்கா. சத்தியமா திறந்தேன்.

— என்ன வந்துச்சு?

— "சார், தண்ணி குடிக்கிறீங்களா?"

— சாரா?

— சார்தான். அதுவும் சும்மா இல்லை, லேசாக் குனிஞ்சு.

— கடவுளே.

— அவருக்கு வேர்த்துக் கொட்டுது. சுவத்துல கையை ஊணிக்கிட்டு நிக்கிறார். அடைச்ச இடம்னா அவருக்கு ஆகாதாம். சின்ன வயசுலேர்ந்தே அப்படியாம். "ஏதாவது பேசிட்டே இருங்க, நிறுத்தாதீங்க"ன்னார். நான் லிஃப்ட்டோட கம்பியைப் பத்திச் சொன்னேன். இந்தக் கம்பி ஒண்ணு அறுந்தாலும் மத்தது தாங்கும், எல்லாமே அறுந்தாலும் கீழே ஒரு பிடிப்பு இருக்குன்னேன். அவருக்கு இன்னும் வேர்த்துச்சு.

— அறுந்து விழறதைப் பத்தியாடா ஆறுதல் சொல்லுவாங்க?

— எனக்கு வேற என்ன தெரியும்? அப்புறம் அவரே கேட்டார், "ஃபுட்பால் பார்ப்பீங்களா?"ன்னு.

— நீ?

— "இல்லை சார். எனக்குக் கேரம்தான்."

— என்னது?

— கேரம்க்கா. கேரம் போர்டு. என்னமோ அதுதான் வாயில வந்துச்சு.

— பன்னிரண்டு வருஷம் கேலரியில கிடந்தவன். மன்றத்துச் செயலாளர். டீமை விட்டுப் போனவனைத் துரோகின்னு கத்தினவன். ஒருத்தன் நேர்ல நின்னு கேட்டதும் டீமே தெரியாதுன்னுட்டே.

— நீ சொல்லவே வேண்டாம். அன்னைக்கு ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவர் காசுக்காகவாவது போனார். நான் எதுக்காகப் போனேன்? ஒருத்தர் முகத்தைப் பார்த்துச் சங்கடமா இருந்துச்சுன்னு போயிட்டேன்.

— சரி, அவர் என்ன சொன்னார்?

— பெருமூச்சு விட்டார். "அப்பாடா, ஃபுட்பால் பார்க்காத ஒரு மனுஷனைப் பார்த்து எத்தனை நாளாச்சு"ன்னார். தரையில உட்கார்ந்துட்டார், கோட்டோட. என்னையும் உட்காரச் சொன்னார். அதுக்கப்புறம் அவர்தான் பேசினார். நான் கேட்டுட்டிருந்தேன்.

— ஏன் டீம் மாறினாராம்? கேட்டியா?

— கேட்டேன். கேரம் ஆடுறவன் கேட்கிற மாதிரி, ஒண்ணும் தெரியாத மாதிரி. அங்கே ஏதாவது பெரிய காரணம் இருக்கும்னு ஆசைப்பட்டேன்க்கா. இவங்க விரட்டினாங்க, மிரட்டினாங்க, அப்படி ஏதாவது. அவர் சொன்னார், "அங்கே கூடக் கொடுக்கிறாங்க. முட்டி இன்னும் ரெண்டு சீசன் தாங்கும்னு டாக்டர் சொல்றார். அதுக்கப்புறம் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. அவ்வளவுதான் காரணம்."

— நேராச் சொல்லிட்டாரே.

— சொல்லிட்டு என்னைக் கேட்கிறார், "நீங்க முதல்ல சேர்ந்த கம்பெனியிலயேவா இன்னும் இருக்கீங்க?"

— ஆகா. மூணு கம்பெனி மாறினியே நீ.

— மூணாவதுல சேர்ந்தது கேன்டீன் நல்லா இருக்குன்னு. அதை அவர்கிட்ட சொல்லலை. "ஆமா சார், ஒரே இடம்தான்"னேன். ஒரு பொய் சொன்னா அடுத்தது தானா வழுக்கிட்டு வருது.

— ஆஸ்பத்திரி விஷயம் கேட்டியா? கேமரா வெச்சுத்தான் கொடுப்பாரான்னு?

— அதையும் கேட்டேன். "சார், இதெல்லாம் விளம்பரம்னு சிலர் சொல்றாங்களே"ன்னு. அந்தச் சிலருக்குச் செயலாளர் யாருன்னு சொல்லலை.

— கோபப்பட்டாரா?

— இல்லை. யோசிச்சார். "விளம்பரம்தான். வரியும் குறையும். மேனேஜர் சொல்லித்தான் ஆரம்பிச்சேன். கட்டில்ல ஒரு குழந்தையைப் பார்க்கிறப்போ எனக்குப் பாதி அழுகை வருது, பாதிப் பெருமையா இருக்கு. எது நிஜம்னு எனக்கே தெரியலை. ஆனா கட்டில் நிஜம்தானே, அதுல படுக்கலாம்"னார்.

— ம்.

— நான் அதுக்கு ஒரு பதில் வெச்சிருந்தேன்க்கா. அதுக்கு முந்தின வாரம்கூட மன்றத்துல பேசினேன், நல்லாக் கை தட்டினாங்க. அங்கே ஒண்ணும் ஞாபகம் வரலை. நான் இதுவரைக்கும் யாருக்குக் கட்டில் கொடுத்தேன்? வெள்ளம் வந்தப்போ மன்றத்துலேர்ந்து போர்வை கொடுத்தோம். ஒரு போர்வையை ஆறு பேர் பிடிச்சுட்டு நின்னு படம் எடுத்துக்கிட்டோம்.

— அந்தப் படத்துல நீதான் நடுவுல.

— நடுவுலதான். வாங்கின அம்மா ஓரத்துல பாதிதான் தெரிவாங்க.

— அவரை ஜனங்க அவ்வளவு திட்டினாங்களே. அது அவருக்கு உறைக்குதாமா?

— கேட்டேன். மைதானத்துல எல்லாரும் சேர்ந்து கத்தறது ஒண்ணும் பண்ணாதாம். மழை மாதிரி, கொஞ்ச நேரத்துல காதுக்குப் பழகிடும்னார். சட்டையை எரிச்ச ஆளைப் பத்திக்கூடப் பேசினார்.

— ஐயோ. உன்னைப் பத்தியா?

— என்கிட்டயே. "ஒரு ஆள், வீடியோ வந்துச்சு, நீங்க பார்த்திருக்க மாட்டீங்க, கேரம் ஆடுறவர்"னு ஆரம்பிச்சு முழுசா நடிச்சுக் காட்டினார். தீக்குச்சி அணையறது, ஒட்டிக்கிறது, நீ வாளியோட வர்றது, எல்லாம். உன்னை நல்லா நடிச்சார்க்கா. நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது? என் வாழ்க்கையிலேயே என்னைப் பார்த்து அவ்வளவு சிரிச்சது அன்னைக்குத்தான். அப்புறம் சொன்னார், வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்களாம், அவங்க அம்மா மட்டும் சிரிக்கலையாம். "அந்தப் பையன் கை வெந்துடுச்சே, யாராவது மருந்து போட்டாங்களா"ன்னு கேட்டாங்களாம்.

— அவங்க அம்மாவா?

— அவங்களேதான். நான் கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டேன்.

— அப்போ எதுதான் அவருக்கு வலிச்சுதாம்?

— அவருக்கு ஒரு சித்தப்பா. சின்ன வயசுல இவரைச் சைக்கிள்ல வெச்சு பிராக்டிஸுக்குக் கூட்டிட்டுப் போனவர். மழையில, வெயில்ல, ஒரு நாள் விடாம. அவர் பரம நீலம். இவர் டீம் மாறின நாள்லேர்ந்து பேசறதில்லையாம். வீட்டுக்குப் போனா எழுந்து உள்ளே போயிடறாராம்.

— பேசவே மாட்டேங்கிறாரா? இன்னும்?

— இன்னும்தான். "ஊரே திட்டினாலும் ஆடிடலாம். அவர் உள்ளே போறதைப் பார்த்துட்டு வந்த அன்னைக்குக் கால் ஓடவே மாட்டேங்குது"ன்னார்.

— சித்தப்பா மனசு என்னைக்காவது மாறும்னு நினைக்கிறாராமா? அதைக் கேட்டியா?

— கேட்கலைக்கா. அதுக்குள்ள மேலே எவனோ மோட்டார் சக்கரத்தைக் கையால சுத்தி லிஃப்ட்டை இறக்க ஆரம்பிச்சுட்டான். கதவு திறந்துச்சு, வெளியே கேமரா, பூங்கொத்து. அவர் எழுந்து கோட்டைத் தட்டிக்கிட்டார். என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். குலுக்கிட்டு விடலை. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், அந்தத் தழும்பை. "பரவாயில்லை, நல்லா ஆறிடுச்சு. அம்மாகிட்ட சொல்லிடறேன்"னார்.

— தெரிஞ்சுதானா...

— எப்போ தெரிஞ்சுதுன்னு தெரியலை. அந்த நடிப்பு நடிச்சுக் காட்டினப்போவே தெரியுமோ என்னவோ. "கேரம் நல்லா ஆடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். நான் அங்கேயே நின்னுட்டிருந்தேன். நர்ஸம்மா வந்து, "லிஃப்ட் மேலே போகுமா, கீழே போகுமா"ன்னு கேட்கிறாங்க. எனக்கே தெரியலைன்னேன்.

— நீ அழுதியாடா?

— மாஸ்க் நனைஞ்சிருந்துச்சு. வேர்வையா இருக்கும்.

— தம்பி.

— என்னக்கா?

— அந்த எழுத்தைக் கீழே வை. சூடா இருக்கிற அந்த ஹீட் பிரஸ் மெஷின் பக்கத்துல நிக்காதே. இப்படி ஸ்டூல்ல வந்து உட்காரு.

— என்னக்கா பயமுறுத்தறே?

— ரெண்டு நாளா உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுட்டிருக்கேன். நீ இந்தக் கதையைச் சொன்னதால சொல்றேன். என் பொண்ணு, உன் மருமக, ஒரு டீம்ல சேர்ந்துட்டா.

— எந்த டீம்ல?

— மஞ்சள்ல. ஆத்துக்கு அந்தப் பக்கம். பொண்ணுங்க அணியில.

— ஓ.

— ஓவா? கத்தறதுன்னா கத்திடு.

— உனக்கு யாருக்கா சொன்னது?

— யாரும் சொல்லலை. துவைக்க அவ பையைக் கொட்டினேன், அடியில மஞ்சள் சட்டை. நான் அடிக்கிற சட்டைதான், எனக்குத் தெரியாதா? உட்கார வெச்சுக் கேட்டேன். ஆமாம்மா, எடுத்துட்டாங்கன்னு சொன்னா. சொல்லும்போது அவ கண்ணைப் பார்க்கணும் நீ. சந்தோஷமும் பயமும் சேர்ந்து அப்படி ஒரு கண்ணு.

— வேற என்ன சொன்னா?

— இரு, நீ வாயைத் திறக்கிறதுக்குள்ள நான் பேசிடறேன். அவளுக்கு நடக்க வந்ததும் பந்தைக் காலடியில போட்டவன் நீ. அவங்க அப்பா லாரியிலயே சுத்தற மனுஷன். மைதானத்துக்கு அவளைத் தோள்ல தூக்கிட்டுப் போனது நீ. அதெல்லாம் நான் மறக்கலை. ஆனா நம்ம நீல டீம் பொண்ணுங்க அணியைக் கலைச்சு ரெண்டு வருஷமாச்சு. ஆதரவு கொடுக்க ஆள் இல்லையாம். அதே மாசம் ஆம்பளைங்க டீமுக்குப் புது பஸ் வாங்கினாங்க. அன்னைக்கு உன் மன்றத்துல தீர்மானம் போட்டியா?

— போடலை.

— ஒரு பழைய சட்டையையாவது எரிச்சியா?

— இல்லைக்கா.

— பஸ்ஸுக்கு மாலை போட்டீங்க.

— மாலை நான்தான் வாங்கிட்டு வந்தேன்.

— ரெண்டு வருஷமா அந்தப் பொண்ணு பின்சுவத்துல அடிச்சு அடிச்சுப் பந்தைத் தேய்ச்சா. சுவத்துல சுண்ணாம்பே இல்லை. நீ ஞாயித்துக்கிழமை அங்கே போய் எவனை வேணா திட்டிக்கோ, மஞ்சள் டீமோட குலம் கோத்திரம் எல்லாம் இழுத்துக்கோ. நான் கேட்கிறது ஒண்ணுதான். அவ வீட்டுக்கு வந்தா நீ எழுந்து உள்ளே போயிடாதே. அந்தச் சித்தப்பா மாதிரி இருந்துடாதேடா. அவ தாங்க மாட்டா.

— நான் ஏன்க்கா உள்ளே போகப் போறேன்?

— சத்தியமா?

— சத்தியமா. அழாதே. சட்டை மேல விழுது பாரு, புது எழுத்து ஒட்டாது அப்புறம்.

— எனக்குக் கோபம் அவ மேலயும் இல்லை, உன் மேலயும் இல்லை. அவளைக் கூட்டிட்டுப் போனான் பாரு ஒருத்தன், அவன் மேலதான்.

— யாராம்?

— சொல்ல மாட்டேங்கிறா. வாக்குக் கொடுத்திருக்காளாம். வாத்தியாரா இருக்கும், இல்லைன்னா கூடப் படிக்கிறவ அண்ணன் எவனாவது. பெத்தவ நான் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம, வண்டியில வெச்சுப் பாலத்தைத் தாண்டிக் கூட்டிட்டுப் போயிருக்கான். நல்ல காரியம்தான் பண்ணியிருக்கான், இல்லைங்கலை. அதை ஒளிஞ்சு பண்ணுவானேன்? மனசுல என்ன இருந்தா இப்படி ஒளிவான்?

— அவனுக்கு என்ன கஷ்டமோ, பாவம்.

— என்ன பாவம்? வெளியே தலை காட்ட முடியாத அளவுக்கு அவனுக்கு அப்படி என்ன கஷ்டம்?

— காட்டியிருந்தா ஆள் யாருன்னு தெரிஞ்சிருக்கும்க்கா. அந்த வெயில்ல, மஞ்சள் கேலரியில, அவ கோல் போட்டப்போகூட ஹெல்மெட்டைக் கழட்டாமதான் எழுந்து நின்னு கத்தினேன்.